மல்லாட்டை எண்ணெயின் பூர்வீகம்: ஷெவ்ரேல் முதல் கிர்னார் வரை

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு சர்க்கரையில் தொடங்கும், பிரஷருக்குப் போகும், கடைசியில் எண்ணெயில் வந்து நிற்கும். "செக்கு எண்ணெய்தான் நல்லது" என்பார் ஒருவர். "டாக்டர் தவிட்டு எண்ணெய்க்கு மாறச் சொல்லிவிட்டார்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் கைப்பேசியை நீட்டி, தேங்காய் எண்ணெய் அமிர்தம் என்று வந்த செய்தியையும் அது விஷம் என்று வந்த செய்தியையும் அடுத்தடுத்துக் காட்டுவார். இந்தப் பக்கத்தைப் படிக்கும் அன்பர்கள் சிலரும், "எந்த எண்ணெய் நல்லது என்று நீங்களே எழுதிவிடுங்களேன்" என்று கேட்டிருந்தார்கள்.

நான் மருத்துவன் அல்ல. அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். இன்ன எண்ணெயைச் சாப்பிடுங்கள் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் எண்ணெய்க்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்று மனிதன் எப்போது கண்டுகொண்டான், அதைச் செடிக்குள்ளேயே மாற்றி அமைக்க எப்படிக் கற்றுக்கொண்டான் என்கிற கதை அது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தக் கதையின் முதல் அத்தியாயம் எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது. நம் பக்கத்து மல்லாட்டைக்கும் அதில் இடம் உண்டு.

நூற்றிரண்டு வயது வாழ்ந்த ஷெவ்ரேல்

எங்கள் வகுப்பில் ரசாயனம் நடத்திய மிசியே "அசீத் ஸ்தேயாரிக், அசீத் ஒலேயிக்" என்று கரும்பலகையில் எழுதும்போது, இந்தப் பெயர்களை எல்லாம் ஒரே மனிதர்தான் வைத்தார் என்று சொல்லித் தந்ததாக நினைவில்லை. அவர் மிஷேல் ஏழேன் ஷெவ்ரேல். 1786இல் பிரான்சின் ஆன்ஷே நகரில் பிறந்தார். பஸ்தீய் சிறை இடிபடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு பிறந்தவர், ஈஃபில் கோபுரம் எழுந்து நின்ற 1889இல் இறந்தார். அந்தக் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று. கோபுரத்தில் தன் பெயர் ஏறும் காலத்தில் உயிரோடு இருந்தவர்கள் அந்த 72 பேரில் மிகச் சிலரே.

1811 வாக்கில் பன்றிக் கொழுப்பிலிருந்து செய்த ஒரு சோப்பை அவர் ஆராயத் தொடங்கினார். கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பு ஆகும் என்பது உலகம் முழுவதும் தெரிந்த பழைய சங்கதி. ஏன் ஆகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஷெவ்ரேல் சோப்பில் அமிலத்தைச் சேர்த்துப் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது கொழுப்பு அல்ல, சில புதிய அமிலங்கள். கூடவே இனிப்பான ஒரு திரவமும் கிடைத்தது. அந்தத் திரவத்தை ஸ்வீடன் நாட்டு ஷேல் முன்பே கண்டிருந்தார். கிரேக்கத்தில் இனிப்பு என்று பொருள்படும் சொல்லிலிருந்து அதற்குக் கிளிசரின் என்று பெயர் வைத்தவர் ஷெவ்ரேல். எண்ணெய் என்ற லத்தீன் சொல்லிலிருந்து ஒலியிக் அமிலம் வந்தது. முத்துப்போல் மின்னிய ஒன்றுக்கு, முத்து என்ற கிரேக்கச் சொல்லைக் கொண்டு மார்கரிக் அமிலம் என்று பெயரிட்டார். பின்னாளில் அந்த மார்கரிக் அமிலம் தனிப் பொருளே அல்ல, இரண்டு அமிலங்களின் கலவை என்று தெரிந்தது. ஆனாலும் பெயர் சாகவில்லை. இன்று டப்பாவில் விற்கும் மார்கரினுக்கு அந்தப் பெயர்தான் நிலைத்திருக்கிறது.

1823இல் தன் ஆராய்ச்சியை எல்லாம் தொகுத்து நூலாக வெளியிட்டார். கொழுப்பு என்பது ஒரே பொருள் அல்ல, கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் கூடிய கூட்டுப்பொருள் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். இரண்டு ஆண்டு கழித்து கே-லுய்சாக் என்ற பெரிய விஞ்ஞானியோடு சேர்ந்து, ஸ்டியரிக் அமிலத்தில் மெழுகுவர்த்தி செய்யக் காப்புரிமை வாங்கினார். அதுவரை மாட்டுக் கொழுப்பு மெழுகுவர்த்தியின் புகையிலும் நாற்றத்திலும் படித்துக்கொண்டிருந்த ஐரோப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று, சிம்னி விளக்கில் படித்த நம் தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. நூறு வயதிலும் அவர் தன்னைப் "பிரான்சின் மாணவர்களில் மூத்தவன்" என்றே சொல்லிக்கொண்டார்.

பதினெட்டுப் பெட்டி ரயில்

மேலே போவதற்கு முன் ஒரு சின்னப் பாடம். கிளிசரின் என்பது மூன்றே பல் உள்ள சீப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பல்லிலும் ஒரு நீண்ட சங்கிலி தொங்குகிறது. அந்தச் சங்கிலிதான் கொழுப்பு அமிலம். பெரும்பாலான சமையல் எண்ணெய்களில் சங்கிலிக்கு 18 கார்பன் அணுக்கள், அதாவது பதினெட்டுப் பெட்டி கோத்த ரயில். எல்லா இணைப்பும் ஒற்றை இணைப்பாக இருந்தால் ரயில் நேராக நிற்கும். அது ஸ்டியரிக் அமிலம், நிறைவுற்ற கொழுப்பு. நடுவில் ஒரு இரட்டை இணைப்பு வந்தால் அந்த இடத்தில் ரயில் வளையும். அது ஒலியிக் அமிலம். இரண்டு வளைவு இருந்தால் லினோலியிக், மூன்று இருந்தால் லினோலெனிக்.

நேரான விறகுகளை நெருக்கி அடுக்கலாம். கோணல் விறகுகள் அடுக்கில் நிற்காது. நேரான சங்கிலிகள் நெருங்கி அமர்வதால் நெய்யும் வெண்ணெயும் உறைகின்றன. வளைந்தவை நெருங்க முடியாததால் நல்லெண்ணெயும் மல்லாட்டை எண்ணெயும் மார்கழியிலும் ஓடுகின்றன. தேங்காய் எண்ணெயின் சங்கதி வேறு. அதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம், 12 பெட்டி மட்டுமே உள்ள நேரான குட்டி ரயில். அதனால்தான் அது நம் ஊர் வெயிலில் உருகி, பனியில் உறைந்துவிடுகிறது.

வளைவு கூடக் கூட இன்னொன்றும் நடக்கும். இரட்டை இணைப்பு உள்ள இடத்தில் காற்று எளிதில் தாக்கும். எண்ணெயில் சிக்கு வாடை வருவது அதனால்தான். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பகுதிக்கு இது வேண்டும்.

மார்சேய்க்குக் கப்பலேறிய மல்லாட்டை

தென் அமெரிக்காவில் பிறந்த நிலக்கடலையை நம் பக்கம் மணிலாக்கொட்டை என்றார்கள். அது தேய்ந்து மல்லாட்டை ஆனது. பிரெஞ்சில் அதற்கு அராஷீத். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புத் தொழிற்சாலைகளுக்கும் கடலை தேவைப்பட்டது. செனகலிலிருந்து முதலில் போனது. பிறகு புதுச்சேரித் துறையிலிருந்தும் போனது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துச் செம்மண் நிலங்களில் விளைந்த மல்லாட்டை மாட்டு வண்டியில் வந்து, கப்பலேறி, மார்சேயில் எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. ஒரு காலத்தில் இந்த ஊர்த் துறைமுகத்தின் பெரிய ஏற்றுமதியே அதுதான். ஷெவ்ரேல் சோப்பைப் பிரித்துப் படித்த ரசாயனத்தின் மேல்தான் அந்தச் சோப்புத் தொழில் வளர்ந்தது. நம் குடியானவர்களின் வியர்வைக்கும் அதில் பங்கு இருந்தது.

அதே பிரான்சில் 1869இல் மெழ்-முரியே என்பவர் மார்கரினுக்குக் காப்புரிமை வாங்கினார். வெண்ணெய்க்கு மலிவான மாற்று வேண்டும் என்று மூன்றாம் நெப்போலியன் கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. மாட்டுக் கொழுப்பையும் பாலையும் கொண்டு செய்தார். அடுத்து துலூஸ் நகரத்துப் பேராசிரியர் போல் சபாத்தியே, நிக்கல் தூளை வைத்துக்கொண்டு இரட்டை இணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்க்கலாம் என்று காட்டினார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் வாயுக்களில் செய்ததை, ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் 1902இல் திரவ எண்ணெய்க்கும் செய்துகாட்டிக் காப்புரிமை பெற்றார். ஓடும் எண்ணெய் உறைந்த நெய்யாயிற்று.

அதன் பிறகு நம் வீட்டுக்குள் வந்தது டால்டா, 1937இல். பனைமரப் படம் போட்ட அந்த மஞ்சள் டப்பாவை நம்மில் மறந்தவர் யார்? தீர்ந்துபோன டப்பாவில் துளசி வளர்த்தோம், அரிசி அளந்தோம். ஆனால் ஹைட்ரஜன் ஏற்றும்போது எல்லா இரட்டை இணைப்பும் மறைவதில்லை. சில மிச்சம் நிற்கும். அப்படி நின்றவற்றில் பல, வளைவு நிமிர்ந்து வேறு உருவம் எடுத்துக்கொள்ளும். அதைத்தான் டிரான்ஸ் கொழுப்பு என்கிறார்கள். 1990இல் நெதர்லாந்தில் மென்சிங்க், காட்டன் என்ற இருவர், அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்குகிறது என்று காட்டினார்கள். நம் நாட்டில் 2022 ஜனவரியிலிருந்துதான் எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற விதி வந்தது. 1937க்கும் 2022க்கும் நடுவே 85 ஆண்டுகள். எத்தனை கல்யாணப் பந்திகள், எத்தனை பலகாரங்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எண்ணெயைச் செடியிலிருந்து எடுத்த பிறகு தொழிற்சாலையில் மாற்றப்போனதால் வந்த வினை இது. செடியே வேண்டிய எண்ணெயைச் செய்து தந்தால்? அடுத்த கதை அதுதான்.

விதைக்குள் ஒரு செக்ரட்டேரியட்

செடி எப்படிக் கொழுப்பு செய்கிறது என்பது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் துலங்கத் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் ஸ்டம்ப் என்ற பேராசிரியர், கதிரியக்கக் கார்பனை அடையாளமாக வைத்துச் செடித் திசுக்களில் கொழுப்பு அமிலங்களின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்தார். அவரும் அவர் மாணவர்களும் பல பத்தாண்டுகள் உழைத்தார்கள். அவர்களும் மற்றவர்களும் கண்டதை என் தொழில் பாஷையில் சொல்கிறேன்.

அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு எப்படி நகரும்? ஒருவர் குறிப்பு எழுதுவார், அடுத்தவர் சரிபார்ப்பார், இன்னொருவர் கையெழுத்திடுவார். அவரவர் வேலை ஒன்றே ஒன்று. விதைக்குள்ளும் அப்படித்தான். அங்கே எழுத்தர்களுக்குப் பெயர் என்சைம். முதல் மேசையில் சங்கிலிக்கு இரண்டு இரண்டு கார்பனாகச் சேர்ப்பார்கள். கோப்பைத் தூக்கிக்கொண்டு போகும் பியூன்போல ஒரு புரதம் சங்கிலியைச் சுமந்து செல்லும். 18 ஆனதும் ஒருவர் முதல் வளைவைப் போடுவார், அது ஒலியிக். கத்தரிக்கோல் வைத்திருக்கும் ஒருவர் சங்கிலியைப் பியூனிடமிருந்து வெட்டி எடுப்பார். பிறகு கோப்பு வேறு கட்டடத்துக்குப் போகும். அங்கே ஒருவர் இரண்டாவது வளைவைப் போடுவார், ஒலியிக் லினோலியிக் ஆகும். அந்த எழுத்தருக்கு எஃப்.ஏ.டி.2 என்று பெயர். பக்கத்து மேசையில் மூன்றாவது வளைவைப் போடுபவர் எஃப்.ஏ.டி.3. கடைசியில் கிளிசரின் சீப்பின் மூன்று பல்லிலும் ஆளுக்கு ஒரு சங்கிலியை மாட்டுவார்கள். எண்ணெய் தயார்.

ஒரு எழுத்தர் நீண்ட விடுப்பில் போனால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா? கோப்பு அவர் மேசைக்கு முன்னால் குவியும். எஃப்.ஏ.டி.2 விடுப்பில் போனால் விதையில் ஒலியிக் அமிலம் குவியும். கொழுப்பு அமிலங்களை மாற்றும் பொறியியல் என்று பெரிதாகச் சொல்வதன் சாரம், யாரை விடுப்பில் அனுப்புவது, எங்கிருந்து யாரை மாற்றலில் கொண்டுவருவது என்பதுதான்.

அரை விதை

இந்த எழுத்தர்களின் பெயரெல்லாம் தெரிவதற்கு முன்பே, கனடாவில் இருவர் அந்த வேலையைச் செய்து முடித்தார்கள். போர்க்காலத்தில் கப்பல்களின் நீராவி எஞ்சினுக்கு மசகு எண்ணெயாகக் கடுகின் உறவுப் பயிரான ரேப்சீட் எண்ணெய் வேண்டியிருந்தது. பிரெஞ்சில் அதற்குக் கொல்ஸா. ஈர உலோகத்தில் நன்றாக ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு. போரினால் வெளிநாட்டு வரத்து நின்றதும் கனடாவின் சமவெளிகளில் விதைத்தார்கள். போர் முடிந்து டீசல் எஞ்சின்கள் வந்ததும் கேட்க ஆளில்லை. சமையலுக்கு விற்கலாம் என்றால் ஒரு தடை. அந்த எண்ணெயில் சுமார் 40 சதவீதம் எருசிக் அமிலம், 22 பெட்டி ரயில். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இதயத் தசையில் கொழுப்பு படிந்தது. எலிக்கு ஆவது மனிதனுக்கும் ஆகும் என்று சொல்லிவிட முடியாது. வங்காளத்தில் தலைமுறை தலைமுறையாகக் கடுகு எண்ணெயில்தான் மீன் பொரிக்கிறார்கள். ஆனாலும் சந்தேகத்தோடு ஒரு எண்ணெயை உலகத்துக்கு விற்க முடியாதே.

சாஸ்கட்டூனில் கீத் டவுனி, மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் பால்டுர் ஸ்டெஃபான்சன். எருசிக் இல்லாத செடி எங்கேனும் இருக்குமா என்று தேடினார்கள். ஜெர்மனியின் ஒரு தீவன ரகத்தில் எருசிக் குறைந்த விதைகள் கிடைத்தன. ஆனால் ஒட்டுச் சேர்த்து வளர்க்கும் ஆயிரக்கணக்கான விதைகளில் எந்த விதையில் எருசிக் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? விதையை நசுக்கினால்தான் எண்ணெய் வரும். நசுக்கிய விதை முளைக்காது. நல்ல விதை என்று தெரியும்போது அந்த விதையே கையில் இருக்காது.

அவர்கள் கண்ட வழி, கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். இரண்டு மில்லிமீட்டர் இருக்கும் அந்த விதையை ஊறவைத்து, வெளிப்புறத்து வித்திலையை மட்டும் கத்தியால் பிரித்தெடுத்தார்கள். முளைக்கருவோடு கூடிய மற்றப் பாதியை நட்டார்கள். எடுத்த பாதியை, அப்போது புதிதாக வந்திருந்த வாயு வண்ணப்படிவு கருவியில் கொடுத்தார்கள். அரை விதையின் துளி எண்ணெயில் எந்தெந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டிவிடும். தேவையான விதை என்று தெரிந்தால், அதன் மறுபாதி ஏற்கெனவே தொட்டியில் முளைவிட்டிருக்கும். டவுனியும் ஹார்வி என்பவரும் 1963இல் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். இவர்கள் அந்தக் கடுகையும் பாதியாக்கிக் கணக்குப் பார்த்தவர்கள்.

1968இல் எருசிக் குறைந்த ஓரோ என்ற ரகம் வந்தது. அடுத்து புண்ணாக்கில் கார்ப்புச் சத்தைக் குறைக்க வேண்டியிருந்தது, மாடு தின்ன வேண்டுமே. அந்தக் குணம் ஒரு போலந்து ரகத்தில் கிடைத்தது. இரண்டையும் சேர்த்து 1974இல் ஸ்டெஃபான்சன் டவர் என்ற ரகத்தை வெளியிட்டார். 1978இல் இந்தப் புதிய பயிருக்குக் கனோலா என்று பெயர் வைத்தார்கள். இன்று நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் இதய நலம் என்று எழுதி விற்கும் பாட்டில் அதுதான். எருசிக் 2 சதவீதத்துக்கும் கீழே, ஒலியிக் 60 சதவீதம் அளவில். இதுவரை நடந்ததில் ஒரு ஜீனையும் யாரும் வெளியிலிருந்து நுழைக்கவில்லை. தேடிப் பிடித்து, ஒட்டுச் சேர்த்து, பொறுக்கி எடுத்தார்கள், அவ்வளவே.

தென்னைக்கு வந்த போட்டி

வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவரும் காலம் 1990களில் பிறந்தது. டேவிஸ் நகரத்துக் கல்ஜீன் நிறுவனத்தார் கனோலாவில் லாரிக் அமிலத்தை உண்டாக்கப் பார்த்தார்கள். சோப்பு, ஷாம்பு, மிட்டாய்ப் பூச்சு எல்லாவற்றுக்கும் லாரிக் வேண்டும். அதைத் தருபவை தென்னையும் செம்பனையும். அமெரிக்காவுக்கு அவை இறக்குமதிதான். கலிஃபோர்னியா பே என்று ஒரு மரம், நம் பட்டையும் பிரியாணி இலையும் பிறந்த குடும்பம். அதன் விதையில் லாரிக் நிறைய இருக்கிறது. காரணம், அங்கே கத்தரிக்கோல் வைத்திருக்கும் என்சைம் 18 வரை பொறுப்பதில்லை, 12லேயே வெட்டிவிடும். அந்த என்சைமின் ஜீனை எடுத்துக் கனோலாவுக்கு மாற்றினார்கள். 1992இல் முதல் ஆய்வு வெளிவந்தது. ஒன்றும் இல்லாதிருந்த விதையில் லாரிக் ஏறி, கடைசியில் 40 சதவீதத்தை நெருங்கியது. எண்ணெயின் தன்மையை ஜீன் மாற்றத்தால் திருத்தி விற்பனைக்கு வந்த முதல் பயிர் அது.

பொள்ளாச்சியிலும் கேரளத்திலும் பிலிப்பைன்சிலும் தென்னையை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை! ஐரோப்பாவில் ரசாயன நீலம் வந்ததும் நம் நாட்டு அவுரித் தோட்டங்கள் அழிந்ததை அறிந்தவர்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல.

ஆனால் செடி அவ்வளவு எளிதில் மசியவில்லை. கிளிசரின் சீப்பின் இரு ஓரப் பற்களில் லாரிக் ஏறியது. நடுப் பல்லில் ஏறவில்லை. நடு மேசைக் கனோலா எழுத்தர், பழக்கமில்லாத 12 பெட்டிக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதைச் சரிசெய்ய எங்கிருந்து ஆள் கொண்டுவந்தார்கள் தெரியுமா? தென்னையிலிருந்து. தேங்காயின் அந்த நடு மேசை என்சைமைப் பிரித்தெடுத்துக் கனோலாவில் வைத்த பிறகுதான் நடுவிலும் லாரிக் ஏறியது. இன்னொரு கூத்தும் நடந்தது. விதை ஒரு பக்கம் லாரிக்கைச் செய்துகொண்டே மறுபக்கம் அதில் ஒரு பங்கை உடைத்துக்கொண்டும் இருந்தது. கடைசியில் அந்த எண்ணெய் சந்தையில் நிலைக்கவில்லை. தென்னை பிழைத்துக்கொண்டது. அதற்கு நோயும் வறட்சியும் போதாதா, இது வேறு எதற்கு.

இதே வழியில் இப்போது மீன் எண்ணெயையும் செடியில் எடுக்கிறார்கள். டாக்டர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பில் முக்கியமான டி.எச்.ஏ.வை உண்மையில் செய்வது மீன் அல்ல, கடலில் உள்ள நுண்பாசி. பாசியைத் தின்ற சின்ன மீனைத் தின்ற பெரிய மீனை நாம் தின்கிறோம். அந்த எழுத்தர்கள் ஏழு பேரைக் கனோலாவுக்கு மாற்றி, டி.எச்.ஏ. தரும் விதையை ஆஸ்திரேலியாவில் உருவாக்கினார்கள். 2018இல் அங்கே அனுமதியும் கிடைத்தது.

மறுபடியும் மல்லாட்டை

நம் மல்லாட்டைக்கு வருவோம். அதில் ஒலியிக் பாதி அளவும், லினோலியிக் மூன்றில் ஒரு பங்கு அளவும் இருக்கும். ரகத்துக்கு ரகம் மாறும். 1980களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், சேமித்து வைத்திருந்த கடலை ரகங்களைச் சோதித்தபோது ஒன்றில் ஒலியிக் 80 சதவீதமும் லினோலியிக் வெறும் 2 சதவீதமும் இருக்கக் கண்டார்கள். 1987இல் அறிவித்தார்கள். யாரும் செய்ததல்ல, இயற்கையில் தானாக நேர்ந்த மாற்றம். பிறகுதான் காரணம் தெரிந்தது. மல்லாட்டைக்கு ஜீன் தொகுதி இரட்டை, அதனால் எஃப்.ஏ.டி.2 எழுத்தரும் இருவர். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் வேலையைப் பார்த்துக்கொள்வார். இந்த ரகத்தில் இருவருமே ஒரே சமயத்தில் முடங்கிவிட்டார்கள்.

அந்தக் குணத்தை நம் நாட்டு ரகங்களில் சேர்க்க, ஐதராபாத் அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட்டும் ஜூனாகத்தில் உள்ள நிலக்கடலை ஆராய்ச்சி இயக்குநரகமும் பாடுபட்டன. கிர்னார் 4, கிர்னார் 5 என்ற இரண்டு ரகங்கள் வந்தன. 2020 அக்டோபரில் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்த சத்துமிக்க பயிர் ரகங்களில் இவையும் அடங்கும். இவற்றில் ஒலியிக் 80 சதவீதம் அளவில் இருக்கிறது. இவை மரபணு மாற்றுப் பயிர்கள் அல்ல. ஒட்டுச் சேர்த்து, நாற்றிலேயே ஜீன் அடையாளம் பார்த்துப் பொறுக்கியவை. கனடாவில் அரை விதையால் செய்ததை இங்கே இலைத் துணுக்கால் செய்கிறார்கள்.

இதனால் என்ன லாபம்? வளைவு குறைவு என்பதால் சீக்கிரம் சிக்குப் பிடிக்காது. கடலை மிட்டாயும் எண்ணெயும் அதிக நாள் தாங்கும். நிறைவுற்ற கொழுப்புக்குப் பதில் ஒலியிக் சேர்ந்தால் இதயத்துக்கு நல்லது என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. ஒரு எச்சரிக்கையும் உண்டு. லினோலியிக் அமிலத்தை நம் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, உணவில்தான் வர வேண்டும். 1929இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர் எலிகளை வைத்துக் காட்டிய உண்மை இது. ஆகவே ஒலியிக் ஒன்றே போதும் என்று உட்கார்ந்துவிட முடியாது. வீட்டில் நல்லெண்ணெயும் இருக்கட்டும்.

விதை யாருடையது

என்னைக் கேட்டால், எந்த அமிலம் எத்தனை சதவீதம் என்பதைவிடப் பெரிய கேள்வி, விதை யாருடையது என்பது. டவுனியும் ஸ்டெஃபான்சனும் வேலை செய்தது அரசு நிலையத்திலும் பல்கலைக்கழகத்திலும். அவர்கள் தந்த கனோலா ஊர்ச்சொத்துபோல இருந்தது. அதே பயிரில் பின்னாளில் களைக்கொல்லியைத் தாங்கும் ஜீனை நுழைத்து மான்சாண்டோ நிறுவனம் காப்புரிமை பெற்றது. பெர்சி ஷ்மைசர் என்ற சாஸ்கட்சுவான் விவசாயி, தன் வயலில் கிடைத்த அந்தக் குணமுள்ள விதையை எடுத்து வைத்து அடுத்த பருவத்தில் விதைத்தார் என்று வழக்கு நடந்தது. 2004இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் காப்புரிமை மீறல்தான் என்று சொன்னது. பணம் எதுவும் அவர் கட்ட வேண்டாம் என்றும் சொன்னது. விதையை எடுத்து வைப்பது குற்றம் என்றால் நம் பாட்டன்மார் எல்லோரும் குற்றவாளிகள்தான்.

நல்ல வேளையாக மல்லாட்டை தன் பூவிலேயே தான் கருவுறும் பயிர். கிர்னார் விதையை ஒருமுறை வாங்கிய விவசாயி, மற்ற ரகத்தோடு கலக்காமல் பார்த்துக்கொண்டால், அடுத்த பட்டத்துக்குத் தானே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் மண்டியில் எல்லாக் கடலையையும் ஒரே குவியலாகக் கொட்டி ஒரே விலை போட்டால், 80 சதவீதத்துக்கு என்ன மரியாதை? தனியாகக் கொள்முதல் செய்து கூடுதல் விலை தர ஆள் வேண்டும். அது விஞ்ஞானிகளின் வேலை அல்ல, அரசின் வேலை, வியாபாரிகளின் வேலை. நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிற நாடு இது. மார்சேய்க்குக் கடலை அனுப்பிய மண்ணில் இன்று மலேசியப் பாமாயில் பாக்கெட் விற்கிறது. டி.எம்.வி. என்ற எழுத்துகளில் தொடங்கும் கடலை ரகங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அது திண்டிவனத்தைக் குறிக்கும். விருத்தாசலத்துக்கு வி.ஆர்.ஐ. இரண்டும் நம் பக்கத்து ஊர்கள். எண்ணெய் வித்து ஆராய்ச்சி நமக்குப் புதிதும் அல்ல, தூரமும் அல்ல.

எந்த எண்ணெய் நல்லது என்று கேட்ட அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எந்த எண்ணெயானாலும் அளவாக ஊற்றுங்கள். ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். பாட்டிலின் முன்பக்கத்து இதயப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நிறைவுற்றது எவ்வளவு, நிறைவுறாதது எவ்வளவு, டிரான்ஸ் எவ்வளவு என்று அங்கே இருக்கும். மற்றதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

புதுச்சேரித் துறையிலிருந்து மல்லாட்டை மூட்டைகள் கப்பலேறிய காலத்தைப் பற்றித் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் சிலராவது இருப்பீர்கள். மூட்டைக்கு என்ன கூலி, எந்தத் தெருவில் கிடங்கு, யார் தரகு என்று நினைவில் இருப்பதை எழுதி அனுப்புங்கள். எழுதி வைக்காமல் போனால் நம்மோடு போய்விடும்.